செட்டிகுளத்திலிருந்து முல்லைத்தீவு வரை, உப்பில்லாமல்

வன்னிக்குள் ஒரு நாள் பயணம் போகும்போது, கடைகளில் வாங்கிச் சாப்பிட்டும் உடம்பைக் கெடுக்காமல் திரும்பி வர முடியுமா என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தீர்கள். ஒருவருக்கு நீரிழிவு. இன்னொருவர், சிறுநீரக வருத்தம் உள்ள தகப்பனைக் கூட்டிக்கொண்டு போக இருக்கிறார். முடியும் என்பதுதான் என் பதில். சென்ற வைகாசியில் என் அண்ணாவை அப்படித்தான் செட்டிகுளத்திலிருந்து முல்லைத்தீவுக்குக் கூட்டிப் போய் வந்தேன். அதை அப்போதே எழுதியிருக்கலாம், கை வரவில்லை. அண்ணா ஐப்பசியில் காலமாகிவிட்டார். இப்போது, கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

அண்ணாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகியிருந்தன. எங்கள் பக்கத்தில் இது புது வருத்தம் அல்ல. எங்கள் ஒழுங்கையிலேயே இன்னும் இரண்டு பேருக்கு இருக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் வவுனியாவுக்குப் போய் டயலிசிஸ் செய்துகொண்டு வருவார். உப்பு ஆகாது. ஒரு நாளைக்குக் குடிக்கக்கூடியது, தேநீரும் சேர்த்து, ஒரு சின்னப் போத்தலுக்குச் சற்று மேல். வாழைப்பழம், இளநீர், கீரை, உருளைக்கிழங்கு எல்லாம் தள்ளி வைக்க வேண்டியவை. நல்ல சாப்பாடு என்று நான் முப்பது வருடம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தவை அத்தனையும் அவருக்கு நஞ்சு.

ஒரு உதாரணம் சொல்கிறேன். சிறுநீரகம் என்பது வகுப்பறை வாசலில் நிற்கும் மாணவத் தலைவன் மாதிரி. யாரை உள்ளே இருக்க விடுவது, யாரை வெளியே அனுப்புவது என்று பார்ப்பது அவன் வேலை. அவன் வராமல் விட்டால், கெட்டிக்காரப் பிள்ளைகள்கூட ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியடித்து வகுப்பைக் குழப்பிவிடும். இளநீரில் இருக்கும் சத்து அப்படிப்பட்ட கெட்டிக்காரப் பிள்ளை. வெளியே அனுப்ப ஆளில்லாதபோது அது இதயத்தில் போய் ஏறும்.

இனி, ஏன் போனோம் என்பது. அண்ணாவுக்கு ஒரே மகள், தர்சினி. அண்ணி இறந்த பிறகு எங்கள் இருவரின் கையிலும் வளர்ந்தவள். முல்லைத்தீவுக் கரையில் கடற்றொழில் செய்யும் அன்ரனை விரும்பிக் கட்டினாள். அவர்கள் வேதக்காரர், தேவாலயத்துக்குப் போகிறவர்கள். நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குளத்தடியில் வயல் செய்த சைவக் குடும்பம். கல்யாணப் பதிவு நடந்த அன்று அண்ணா அவள் முகத்துக்கு நேரே சொன்னார்: "உன்ர வீட்டில தண்ணியும் வாயில வைக்கமாட்டன்." எங்கள் ஆட்களிடம் அது சின்னச் சொல் அல்ல. ஒரு வீட்டில் கை நனைக்காமல் இருப்பது என்றால் அந்த வீட்டையே இல்லையென்று வைப்பது. பத்து வருடத்துக்கு மேல் அந்தச் சொல்லைக் காப்பாற்றினார். நான் தர்சினியோடு தொலைபேசியில் கதைக்கும்போது முற்றத்துக்கு எழும்பிப் போவார், ஆனால் காது கேட்கும் தூரத்தில்தான் நிற்பார்.

சித்திரை முடிய ஒரு நாள், டயலிசிஸ் முடிந்து பஸ்ஸில் வரும்போது, "தங்கச்சி, அவளின்ர வீட்டில ஒருநேரம் சாப்பிடவேணும்" என்றார். நான் அன்றைக்கே அவளுக்குச் சொல்லி நாளும் குறித்துவிட்டேன். ஆனால் அண்ணா ஒரு நிபந்தனை வைத்தார். வருத்தத்தைப் பற்றி அவளுக்கு மூச்சும் விடக்கூடாது.

"வருத்தம் வந்தாப் பிறகுதான் மகளின்ர ஞாபகம் வந்தது எண்டு நினைப்பள் எண்டோ?" என்று கேட்டேன்.

"அது நினைச்சால் நினைக்கட்டும். நான் கேக்காமலே தன்ர கிட்னியைத் தாறன் எண்டு நிப்பள். அதுதான் பயம்."

எனக்கு அவர் சொன்னது சரியாகப் பட்டது. உண்மையில் மாற்றுச் சிறுநீரகம் வைக்க அவருடைய இதயம் தாங்காது என்று வைத்தியர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். அதைப் பிள்ளைக்கு விளங்கப்படுத்தப் போய், அவள் அழ, அந்த ஒரு நேரச் சாப்பாடு இழவு வீடாகிவிடும்.

அதனால்தான் கடைச் சாப்பாடு. வீட்டில் அவித்துக் கட்டிக்கொண்டு போவதுதான் எந்த நோயாளிக்கும் நல்லது. ஆனால் மகள் வீட்டு விருந்துக்குக் கட்டுச்சோற்றோடு போக முடியுமா? ஆகவே நான் இப்படித் திட்டம் போட்டேன். வழிநெடுக அவருக்கு ஒத்துக்கொள்கிற சாப்பாட்டைக் கடைகளில் வாங்கிக் கொடுத்து வயிற்றை நிரப்பி வைப்பது. அங்கே போய், பசியில்லை என்று சொல்லி, இரண்டு வாய் மட்டும் சாப்பிட வைப்பது. புத்திசாலித்தனமான திட்டம் என்று நினைத்தேன்.

புதன்கிழமை போனோம். டயலிசிஸ் செய்த மறுநாள்தான் அவருக்கு உடம்பு கொஞ்சம் லேசாக இருக்கும். இப்படிப்பட்டவரைக் கூட்டிப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். செட்டிகுளத்திலிருந்து காலை ஐந்தே முக்காலுக்கு வவுனியா பஸ். முப்பது கிலோமீற்றர் அளவு, ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட எடுத்தது.

வவுனியா பஸ் நிலையத்தைச் சுற்றி விடியவே திறக்கும் பேக்கரிகளும் பலசரக்குக் கடைகளும் இருக்கின்றன. கண்ணாடிப் பெட்டிக்குள் ரோல்ஸ், பற்றிஸ், சமோசா எல்லாம் அழகாக அடுக்கியிருக்கும். நீரிழிவுக்காரரும், உப்பு ஆகாதவரும், இரத்த அழுத்தக்காரரும் அந்தப் பெட்டியைப் பார்க்காமல் உள்ளே போய்விடுங்கள். நாங்கள் வாங்கியது அரை இறாத்தல் பாண், அவித்த முட்டை இரண்டு, ஒரு அப்பிள். எல்லாம் நானூறு ரூபாவுக்குள். பாணிலும் உப்பு உண்டு, ஆனால் இரண்டு துண்டு பரவாயில்லை. முட்டையில் வெள்ளையை அண்ணா சாப்பிட்டார், மஞ்சள் எனக்கு. பிஸ்கட் வாங்குவதென்றால் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பைக்கற்றின் பின்பக்கத்தை வாசியுங்கள். இனிப்பு பிஸ்கட்டிலும் உப்பு இருக்கும். நீரிழிவு மட்டும் உள்ளவர்கள் அவித்த கடலை வாங்கலாம், நல்ல சாப்பாடு. சிறுநீரகக்காரருக்கு அது வேண்டாம்.

ஏழரைக்கு மாங்குளம் வழியாகப் போகும் முல்லைத்தீவு பஸ் கிடைத்தது. ஆளுக்கு நானூறு ரூபாவுக்குள்தான். ஓமந்தை தாண்டவே வெயில் ஏறிவிட்டது. அண்ணாவின் உதடு காய்ந்து வெடித்திருந்தது. போத்தலை நீட்டினேன். தலையை ஆட்டினார்.

"ஒரு மிடறு குடியுங்கோ அண்ணை. முகம் வாடிப்போச்சு."

"இண்டைய தண்ணியை மிச்சம் பிடிக்கிறன்."

"எதுக்கு?"

"தண்ணியும் குடிக்கமாட்டன் எண்டெல்லே சொன்னனான். அங்க போய் ஒரு கிளாஸ் நிறையக் குடிக்கவேணும்."

அதற்குப் பிறகு நான் போத்தலை எடுக்கவில்லை. தாகம் தாங்க முடியாதவர்களுக்குச் சொல்கிறேன், அப்பிள் துண்டு ஒன்றை மெல்லாமல் வாயில் வைத்திருந்தால் கொஞ்சம் உதவும். அண்ணா புளியங்குளத்திலிருந்து கனகராயன்குளம் வரை ஒரே துண்டை வாயில் வைத்திருந்தார்.

மாங்குளத்தில் பஸ் இருபது நிமிடம் நின்றது. வவுனியாவிலிருந்து இது நாற்பத்தைந்து கிலோமீற்றர் அளவு. சந்திக்குக் கிட்ட, பாதி பலசரக்கும் பாதி தேநீரும் விற்கிற ஒரு கடை. என் வயதுப் பெண் ஒருவர் நடத்துகிறார். வன்னியில் பயணிகளுக்கு நான் சொல்லக்கூடிய மிக நல்ல கடைச் சாப்பாடு காலை இடியப்பம். பெரும்பாலும் வீட்டில் அவித்துக் கொண்டுவந்து கொடுப்பது, எண்ணெய் இல்லை. சொதியிலும் சம்பலிலும்தான் உப்பு. ஐந்து இடியப்பம் கேட்டு, "சொதி வேண்டாம், சம்பல் வேண்டாம், கொஞ்சம் சீனி தாங்கோ" என்றேன்.

"வெறும் இடியப்பமோ? ஏன் அக்கா, ஐயாவோட கோவமோ?" என்றார் அவர்.

"அவருக்கு உப்பு ஆகாது."

"உப்பில்லாத சாப்பாடெண்டால் ஆசுப்பத்திரிக்கெல்லே போகவேணும், என்ர கடைக்கு வந்து நிக்கிறியள்."

"அங்க நேற்றுத்தான் போனனான்," என்றார் அண்ணா. "உங்கட கடை பரவாயில்லை. கடைசிச் சண்டை நேரத்தில உப்பில்லாத கஞ்சி குடிச்ச ஆக்கள்தானே நாங்கள், பழக்கம்."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். "ஓம் ஐயா," என்று மட்டும் சொல்லி, இன்னும் இரண்டு இடியப்பத்தைச் சேர்த்துச் சுற்றினார். அதற்குக் காசு வாங்கவில்லை.

மாங்குளத்திலிருந்து கிழக்கே திரும்பினால் ஒட்டுசுட்டான், முள்ளியவளை, பிறகு முல்லைத்தீவு. ஐம்பது கிலோமீற்றர் அளவு. முள்ளியவளை கடந்ததும் நான் பார்சலைப் பிரித்து, மிச்ச இடியப்பம் முழுவதையும் அண்ணாவைச் சாப்பிட வைத்தேன். அவருக்கு விருப்பமில்லை. "வயிறு நிறைஞ்சால் அங்க எப்பிடிச் சாப்பிடுறது?" என்றார். "நிறையவேணும் எண்டுதான் தாறன்," என்றேன்.

முல்லைத்தீவில் இறங்கும்போது பத்தே முக்கால். வெறுங்கையோடு போகக்கூடாது என்று ஒரு சீப்பு வாழைப்பழமும் பிஸ்கட்டும் வாங்கினோம். சிலாவத்தைப் பக்கம் ஆட்டோவில் பத்து நிமிடம். ஐந்நூறு கேட்டார், நானூறுக்கு வந்தார்.

தர்சினி படலையடியில் நின்றாள். "வாங்கோ அப்பா," என்றாள். பிறகு, "என்ன இவ்வளவு மெலிஞ்சு போனியள்?"

"வயசு போகுதெல்லே."

முன்பள்ளி உடுப்போடு அவளுடைய மகள் ஜெனி ஓடிவந்து தாயின் பின்னால் நின்றாள். "இவர் ஆர் அம்மா?"

"என்ர அப்பா."

"உங்களுக்கும் அப்பா இருக்கிறாரோ?"

அன்ரன்தான், வாசலில் இருந்த செருப்புகளை ஒதுக்கி வைத்துக்கொண்டே, "இருக்கிறார், இருக்கிறார். பஸ் கிடைக்கேல்லை, அதுதான் சுணங்கிப்போச்சு," என்றார். அண்ணா அவரைப் பார்த்தார். அவ்வளவு வருடத்தில் மருமகனை அவர் நிமிர்ந்து பார்த்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

கதிரையில் இருந்ததும் அன்ரன் இளநீர் கொண்டுவந்தார். "விடிய இறக்கினது மாமா. குடியுங்கோ."

அண்ணா அதைக் கையில் வாங்கிப் பக்கத்தில் வைத்தார். "எனக்கு வெறும் தண்ணி தா பிள்ளை," என்றார் மகளிடம்.

கிணற்றுத் தண்ணீர், நிறைந்த கிளாஸ். காலையிலிருந்து சேர்த்து வைத்த தாகம் முழுவதோடும் அதைக் குடித்தார். நிறுத்தி நிறுத்தி, கடைசிச் சொட்டு வரை. எனக்கு அதன் அர்த்தம் தெரியும். அவளுக்குத் தெரியாது. இளநீரைத் தள்ளிவைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டார் என்பதுதான் அவள் கண்டது.

"சரி, சாப்பிடுவம்," என்றாள். "விளைமீன் குழம்பு வச்சிருக்கிறன். நண்டு கிடக்கு. முருங்கையிலை வறை, உருளைக்கிழங்குப் பிரட்டல். அப்பாக்குப் பிடிச்சதெல்லாம்."

நான் வழியெல்லாம் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வசனத்தைச் சொன்னேன். "வழியில கடையில வயிறு நிறையச் சாப்பிட்டிட்டம் பிள்ளை. அண்ணைக்குப் பசி இருக்காது. கொஞ்சமாப் போடு."

"கடையிலயோ?" என்றாள். குரல் உயரவில்லை. "மகள் வீட்டுக்கு வாற அண்டைக்கும் கடையில சாப்பிட்டிட்டோ வந்தனீங்கள்? நான் வெள்ளாப்பில எழும்பிச் சமைச்சனான்." பிறகு தகப்பனைப் பார்த்து, "தண்ணியாவது குடிச்சியளே அப்பா. அது போதும்," என்றுவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

எந்த வைத்தியரும் பிழை சொல்ல முடியாதபடி நான் போட்ட திட்டம், அந்த வீட்டில் பத்து வருடத்துக்கு முந்திய சொல்லைத் திரும்பவும் சொன்னதாக முடிந்தது. அண்ணா குசினிப் பக்கம் பார்த்தார். "பிழைச்சுப்போச்சு தங்கச்சி," என்றார். "அவள் நான் மனம் மாறேல்லை எண்டு நினைக்கிறாள்."

நான் அவரிடம் அனுமதி கேட்காமல் குசினிக்குப் போனேன். தர்சினி சட்டிகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தாள். "நீங்கள் போய் இருங்கோ மாமி. கடைச் சாப்பாடு செமிக்கட்டும்," என்றாள், திரும்பாமல்.

எல்லாவற்றையும் சொன்னேன். செவ்வாய், வெள்ளி, உப்பு, தண்ணீர் எல்லாம். அவள் மூடியைக் கையில் பிடித்தபடியே கேட்டாள். அண்ணா பயந்ததுபோலவே அவளுடைய முதற்கேள்வி, "என்ர கிட்னி பொருந்துமோ மாமி?" என்பதுதான்.

"பொருந்தினாலும் வைக்கேலாது. அவற்ற இதயம் தாங்காது எண்டு சொல்லிப்போட்டினம்."

"அப்ப அந்த இளநி?"

"குடிச்சிருந்தால் ஆபத்து."

அவள் அடுப்படியில் குந்திவிட்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சற்று நேரத்தில் எழும்பி, "என்ன குடுக்கலாம்? கெதியாச் சொல்லுங்கோ," என்றாள். வெள்ளைச் சோறு குடுக்கலாம், அதில் உப்புப் போடுவதில்லை. காய்களில்? பீர்க்கங்காய் ஒன்று கிடந்தது. வெட்டிச் சும்மா அவித்தாள். மீன் குடுக்கலாம், ஆனால் குழம்பு கூடாது. அவள் கொதித்த குழம்புக்குள்ளிருந்து இரண்டு துண்டு மீனை அகப்பையால் எடுத்து, ஒரு சட்டித் தண்ணீரில் போட்டுக் கழுவினாள். தண்ணீர் சிவந்தது. ஊற்றிவிட்டு மறுபடி கழுவினாள். விடிய எழும்பி அரைத்துக் கூட்டிய சரக்கெல்லாம் அந்தத் தண்ணீரோடு போய், மீன் வெள்ளையாக, ஒன்றுமில்லாததாக வந்தது.

அண்ணாவின் சோற்றுக் கோப்பையை முன்னால் வைத்தபோது அவர் அதைப் பார்த்தார். எங்கள் கோப்பைகளில் குழம்பு சிவந்திருந்தது. அவருடையது சோறு, மீன், காய் எல்லாம் ஒரே வெள்ளை. அவருக்கு விளங்கிவிட்டது. என்னைப் பார்க்கவில்லை. மீனைப் பிட்டு வாயில் வைத்து, மென்று, "உப்புக் காணாது பிள்ளை," என்றார்.

"கடையில கேட்டுச் சாப்பிடுங்கோ," என்றாள் தர்சினி. சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முகத்தைத் தோளில் துடைத்தாள். "அப்பா, நான் ஒருக்கா டொக்டரோட கதைக்கட்டோ?"

"வேண்டாம். அந்தக் கதை வரும் எண்டுதான் சொல்லாமல் வந்தனான். என்னைச் சாப்பிட விடு."

வயிறு நிறைந்திருந்த மனிதர் கோப்பையை வழித்துச் சாப்பிட்டார். கை கழுவ எழும்பப்போனவர் மறுபடி இருந்தார். "இன்னும் ஒரு துண்டு மீன் கழுவு," என்றார்.

மூன்று மணி பஸ்ஸில் திரும்பினோம். அன்ரன் ஆட்டோவுக்குக் கொடுக்க விடவில்லை, தானே கொண்டுவந்து ஏற்றிவிட்டார். "போட்டு வாறம்," என்று அண்ணா சொன்னார். வழியில் அவர் ஒன்றும் சாப்பிடவுமில்லை, குடிக்கவுமில்லை. வீட்டுக்கு வர இரவு எட்டு மணி தாண்டிவிட்டது. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் நிறை பார்த்த தாதி, "கொஞ்சம் கூடியிருக்கே ஐயா, எங்க போனனீங்கள்?" என்று கேட்டார். "மகள் வீட்டை," என்றார். அதை அங்கே படுத்திருந்த மற்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார்.

ஆனியிலிருந்து டயலிசிஸ் கிழமைக்கு மூன்று முறையானது. செய்யாத நாட்களில் எழும்ப முடியாமல் படுத்திருந்தார். தர்சினிதான் வந்து போனாள். வரும்போதெல்லாம் எங்கள் குசினியில் அவருக்குச் சமைத்தாள். எலுமிச்சம்புளியும் உள்ளியும் மிளகும் வைத்து, உப்பில்லாமலே வாய்க்கு ருசியாக மீன் காய்ச்சப் பழகியிருந்தாள். ஆனால் அவளுடைய வீட்டுக்கு அவர் மறுபடி போகவில்லை.

போக இருக்கிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பாண், அவித்த முட்டை, வெறும் இடியப்பம், அப்பிள்: இந்த நான்கும் வவுனியாவிலும் மாங்குளத்திலும் முல்லைத்தீவிலும் காலையில் கிடைக்கும். பதினொரு மணிக்குப் பிறகு இடியப்பம் தேடாதீர்கள். நீரிழிவுக்காரர் கையில் இனிப்பு ஒன்று வைத்திருங்கள், பஸ் சுணங்கி, இரத்தத்தில் சீனி குறைந்து தலை சுற்றினால் உதவும். தெருவோரம் வெள்ளரிப்பழமும் கொய்யாவும் விற்பார்கள், சுகதேகிகளுக்கு அதைவிட நல்லது இல்லை. சிறுநீரக வருத்தக்காரர் உங்கள் வைத்தியரிடம் கேட்டுவிட்டே எதையும் சாப்பிடுங்கள். அண்ணாவுக்கு ஒத்தது உங்களுக்கு ஒத்துவரும் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வேன். பயணத்தின் முடிவில் ஒரு வீடு இருந்தால், அந்த வீட்டாருக்கு வருத்தத்தைச் சொல்லிவிடுங்கள். எது ஆகும், எது ஆகாது என்று அவர்கள் உலை வைப்பதற்கு முதலே சொல்லுங்கள். அழுதால் அழட்டும். என் அண்ணாவுக்கு மகள் வீட்டில் கிடைத்தது ஒரே ஒரு நேரச் சாப்பாடு. முதல் நாளே நான் சொல்லியிருந்தால், அதை அவள் அவருக்கென்றே சமைத்திருப்பாள்.